ஒன்பது உச்சிகள்

சதேவி கிராமம், ராச்சா மலை
1999 மார்ச் 3

தம்பி மல்காஸுக்கு, அக்கா லமாரா எழுதுவது.

நானும் ஷோரெனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

என் ஓதியா மரத்திலிருந்து விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவருடைய நாற்பதாம் நாள் சடங்குக்கு இரண்டே நாள் இருக்கும்போது நீ டென்மார்க்குக்குப் பஸ் ஏறினாய். விசா காலாவதியாகிவிடும் என்றாய். சரி. வருஷ நினைவு நாளுக்கும் வரவில்லை. அதையும் விடு. விருந்தில் உன் நாற்காலி காலியாக இருந்ததை ஊரே பார்த்தது. நான்தான் ரொட்டிக் கூடையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

இப்போது எழுதுவது ஷோரெனாவுக்காக. இந்த வருஷம் தேவதாரு பலமாகக் காய்க்கும் என்கிறார்கள். செப்டம்பரில் காய் பறிக்க அவளும் மரம் ஏறப்போகிறாளாம்.

"நாற்பது மீட்டர் மரம்டி அது. பொம்பளை ஏறுற மரமா?" என்றேன்.

"ஏறுறது ஆம்பளையா பொம்பளையான்னு மரத்துக்குத் தெரியுமாம்மா?" என்கிறாள்.

இருபது வயதில் நீ பேசிய அதே திமிர். அப்பாவைத் தின்ற மரத்திலேயே மகளும் ஏறுவதா? நீ சொன்னால் அவள் கேட்பாள். இந்தப் பள்ளத்தாக்கிலேயே உன்னைப் போல ஏறுகிறவன் கிடையாது என்று அவளுக்கு நினைப்பு. ஒரே ஒரு வரி எழுது. ஏறாதே என்று.

பதில் உடனே வேண்டும்.
உன் அக்கா,
லமாரா

*

யூட்லாந்து, டென்மார்க்
1999 ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு, வெற்றி உண்டாகட்டும்.

நான் நலம். முதுகு கொஞ்சம் பிடிக்கிறது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இத்துடன் காப்பித்தூள் அனுப்புகிறேன்.

நம் மலையில் பறித்த விதைதான் இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நிற்கிறது. நம் காட்டில் இந்த மரம் பெரிய மரத்தின் நிழலில் முப்பது நாற்பது வருஷம் முழங்கால் உயரத்திலேயே பொறுத்துக் கிடக்கும் அல்லவா? பெரியது விழுந்த பிறகுதானே மளமளவென்று ஏறும்? அதே மரத்தை இங்கே வெயிலில் நட்டு, எட்டு வருஷத்தில் வெட்டி, வலையில் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் வீட்டுக்குள் நிற்குமாம். ஊசியிலை உதிராது, அதுதான் அதற்குப் பெருமை. பிறகு தெருவில் எறிந்துவிடுவார்கள்.

காகங்கள்தான் இங்கே பெரிய தொல்லை. உச்சித் தண்டு இளசாக இருக்கும்போது வந்து உட்காரும், மடக்கென்று ஒடிந்துவிடும். அதைச் சரிசெய்வது என் வேலை. கீழே இருக்கும் பக்கக் கிளை ஒன்றை நிமிர்த்திக் குச்சி வைத்துக் கட்டுவேன். கொஞ்ச காலத்தில் அதுவே உச்சியாகிவிடும். "மூணு வருஷம் போனா நட்டவனுக்கே தெரியாது, யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறான் முதலாளி. ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறான். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

ஷோரெனா பிடிவாதக்காரி, அத்தானைப் போலவே. செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது, பார்க்கலாம்.

அன்புடன்,
மல்காஸ்

*

சதேவி
1999 மே 20

மல்காஸ்,

காப்பித்தூள் வந்தது. மூட்டு அப்படியேதான் இருக்கிறது.

உன்னை ஒரே ஒரு வரி கேட்டேன். நீ காகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். உனக்குப் புத்தி கித்தி கலங்கிவிட்டதா? தேவதாரு எப்படி வளரும் என்று எனக்கே பாடம் நடத்துகிறாயா? அந்த மரத்துப் பலகைதான் என் கூரை. அந்த மரத்துப் பிசினைத்தான் நீ சின்ன வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோதெல்லாம் தடவினேன். என் வீட்டுக்காரரை மேலே ஏற்றி உயிரில்லாமல் இறக்கிக் கொடுத்ததும் அதே மரம்தான்.

இங்கே நான் எதைக் கேட்டுக்கொண்டு வாழ்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? நேற்று மாவு மில்லில் ஒருத்தி சொல்கிறாள்: "பாவம் லமாரா, நல்ல மனுஷன்தான், குடிச்சிட்டு ஏறாம இருந்திருக்கலாம்." என் முகத்துக்கு நேரே! காய் வாங்கும் கம்பெனியின் மேஸ்திரி ஜும்பர் அன்றைக்கே காகிதத்தில் அப்படி எழுதிவிட்டான். குடித்துவிட்டு ஏறினான், தவறி விழுந்தான் என்று. கம்பெனிக்குப் பொறுப்பில்லாமல் போயிற்று. ஓதியா ஒரு நாளும் ஏறும் முன் வாயில் ஒரு சொட்டு வைத்தவர் அல்ல. வேலை முடிந்து குடிப்பார், நன்றாகவே குடிப்பார், அது வேறு.

நீ பக்கத்து மரத்தின் மேல் இருந்தாய். எல்லாவற்றையும் பார்த்தது நீ ஒருத்தன்தான். "அத்தான் குடிக்கல" என்று ஒரு வார்த்தை ஜும்பரிடம் சொல்லியிருக்கக் கூடாதா? அன்றைக்கு என்ன நடந்தது என்று என்னிடமாவது சொல்லியிருக்கிறாயா? கேட்டபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாய். துக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். இனி விடமாட்டேன்.

லமாரா

*

சதேவி
1999 ஜூன் 6

அன்பு மாமாவுக்கு, ஷோரெனா எழுதுவது.

சௌக்கியமா? அங்கே சாப்பாடு எப்படி? பன்றிக்கறியை வேகவைத்துச் சர்க்கரைக் குழம்பு ஊற்றுவார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இதுக்கா ஓடிப்போனான்?" என்றாள்.

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எனக்கு ஒரு நல்ல கயிறும் இடுப்பு வாரும் அனுப்புங்கள். அங்கே ஏறுகிறவர்கள் கட்டுவார்களாமே, அது. இங்கே ஒருத்தரும் கயிறு கட்டுவதில்லை. கட்டினால் கேலி செய்கிறார்கள். ஒரு மரத்து உச்சியை ஆட்டி ஆட்டி அடுத்த மரத்துக்குத் தாவுவதுதான் வீரம் அவர்களுக்கு. எனக்கு வீரம் வேண்டாம், காய் வேண்டும்.

எனக்கு எதற்கு இந்த ஆத்திரம் என்று நினைக்காதீர்கள். அப்பாவின் குடுவையை அன்றைக்குக் காலையில் நிரப்பியது நான். புதினா போட்ட தண்ணீர். அதை ஜும்பரிடம் சொன்னேன். "சரிம்மா, நீ மகதானே, அப்படித்தான் சொல்லுவே" என்று சிரித்தான். நல்ல தேவதாரு உச்சி தானாக ஒடியாது, ஆடுமே தவிர ஒடியாது, அதனால் தப்பு ஏறியவனுடையதுதான் என்று எல்லாருக்கும் முடிவு. அந்த வடக்குச் சரிவில்தான் ஏறப்போகிறேன். அப்பா ஏறிய இடத்தில் ஏறி, எல்லாரையும்விட அதிகம் பறித்து, முடிவு விருந்தில் முதல் ஆளுக்குப் பரிசாகத் தரும் அந்த மதுக்கொம்பை வாங்கி, அதில் அப்பாவுக்கு நினைவு மது குடிப்பேன். அப்போது எவன் வாய் திறக்கிறான் பார்க்கிறேன்.

தோட்டத்து வாதுமை மரத்தில் பழகிக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை விழுந்தேன். அம்மாவிடம் மாடு இடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

முத்தங்களுடன்,
ஷோரெனா

*

யூட்லாந்து
1999 ஜூலை 2

அன்பு ஷோரெனாவுக்கு,

விதைக் கம்பெனி வண்டி டிரைவரிடம் கயிறும் வாரும் கொடுத்திருக்கிறேன். இரண்டு கொக்கி இருக்கும். ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்க வேண்டும். கிளையில் கால் வைத்தால் தண்டை ஒட்டி வை, நுனியில் வைக்காதே. காய்ந்த கிளையை நம்பாதே. காய் கையில் உதிர ஆரம்பித்துவிட்டால் அதோடு விட்டுவிடு. முற்றிய தேவதாருக் காய் மரத்திலேயே செதில் செதிலாகக் கொட்டிவிடும், அதைத் துரத்திக்கொண்டு போகாதே.

வடக்குச் சரிவுக்குப் போகாதே. மேல் முகட்டில் ஏறு. அங்கே மரம் நல்ல மரம். வடக்குச் சரிவு வேண்டாம் ஷோரெனா, மாமாவுக்காக.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மல்காஸ்

*

சதேவி
1999 ஜூலை 28

மல்காஸ்,

உன் நலம் எப்படிப் போனால் எனக்கென்ன.

மாவுப் பெட்டிக்கு அடியில் கயிறு இருந்தது. பக்கத்திலேயே உன் கடிதம். ஏறாதே என்று எழுதச் சொன்னேன். நீ எப்படி ஏறுவது என்று எழுதியிருக்கிறாய்! நீயெல்லாம் ஒரு மனுஷனா? கையில் கிடைத்த துடைப்பத்தால் அவளுக்கு ஒன்று போட்டேன். அது உனக்கு விழ வேண்டியது.

பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தேன். வடக்குச் சரிவுக்குப் போகாதே என்று இரண்டு முறை எழுதியிருக்கிறாய். காரணம் எழுதவில்லை. அவளும் கேட்கிறாள், நானும் கேட்கிறேன். ஏன்?

பதில் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மறுநாளே அங்கே போனேன், அவர் விழுந்த பிறகு முதல் தடவையாக. மரம் மொட்டையாக நிற்கிறது. ஒடிந்து விழுந்த உச்சி எங்கே என்று தேடினேன். மரத்தடியில் இல்லை. முப்பது அடி தள்ளிப் பள்ளத்தில், பெரணிச் செடிகளுக்கு அடியில் கிடந்தது, யாரோ இழுத்துப் போட்டது போல. புரட்டிப் பார்த்தேன். ஒடிந்த இடத்துக்குள் கறுத்து மக்கிய ஒரு பழைய வெட்டு. தட்டையான வெட்டு. ரம்பம் போட்ட வெட்டு! எப்போதோ எவனோ அந்த மரத்தின் தலையை அறுத்திருக்கிறான். பக்கக் கிளை நிமிர்ந்து புது உச்சியாகி, வெட்டை மூடிவிட்டிருக்கிறது. அதை முழு மரம் என்று நம்பி அவர் தன் உடம்பைக் கொடுத்தார்.

நீ காகத்தைப் பற்றி எழுதியது அப்போது ஞாபகம் வந்தது. நல்ல வேளை எழுதினாய், இல்லாவிட்டால் எனக்குப் புரிந்திருக்காது.

உச்சியை அறுத்துக் காயோடு கீழே தள்ளுகிறவனுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கோப்பை நீட்டுவதில்லை, அது உனக்கும் தெரியும். இது ஜும்பர் வேலை. அந்தக் காலத்தில் அவனும் ஏறினவன்தான், அவசரக்காரன். தான் அறுத்ததை மறைக்கத்தான் குடிகாரன் என்று எழுதியிருக்கிறான். ஆகஸ்ட் கடைசியில் மரியன்னை திருநாள். கோயில் முற்றத்தில் ஊர் முன்னால் அவனை நிறுத்திக் கேட்கப்போகிறேன்.

லமாரா

*

தந்தி
1999 ஆகஸ்ட் 19

ஜும்பரிடம் எதுவும் கேட்காதே. அறுத்தது அவர் இல்லை. ஷோரெனாவை ஏறவிடாதே. கடிதம் வருகிறது. மல்காஸ்.

*

யூட்லாந்து
1999 ஆகஸ்ட் 20

அக்கா,

நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை.

அறுத்தது நான்.

எனக்குப் பத்தொன்பது வயது. வனப்பண்ணைக்குக் காய் பறித்த காலம். கொம்பு எனக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று வெறி. காய் முழுக்க உச்சியிலேயே மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து நிற்கும். அந்தக் கடைசி இரண்டு மீட்டர்தான் நேரம் பிடிக்கும், அங்கேதான் உயிர் பயமும். சட்டைக்குள் ஒரு கைரம்பம் வைத்திருந்தேன். ஆள் இல்லாத வடக்குச் சரிவில் மூன்று நாளில் ஒன்பது மரத்தின் தலையை அறுத்துத் தள்ளினேன். காயைப் பிய்த்துக்கொண்டு உச்சிகளைப் பள்ளத்தில் போட்டேன். அந்த வருஷம் கொம்பு எனக்குக் கிடைத்தது. அதை நிரப்பி என் கையில் கொடுத்தது அத்தான். "என் மச்சானைப் பாருங்கடா, அணில் கூடத் தோத்துப்போவும்!" என்று கத்தினார். நீ கை தட்டினாய்.

அடுத்த வருஷமே ஒவ்வொன்றிலும் பக்கக் கிளை ஒன்று நிமிர ஆரம்பித்துவிட்டது. ஐந்தாறு வருஷத்தில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மரமே மன்னித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறு வருஷம் கழித்து, அன்றைக்கு, பக்கத்து மரத்து உச்சியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அத்தான் முக்கால்வாசி ஏறியிருந்தார். அவருக்கு மேலே தண்டின் கழுத்தில் லேசான வளைவு. அது எந்த மரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா, கத்துவதற்கு நேரம் இருந்தது. பத்துக் கிளை ஏறும் நேரம். "அத்தான், மேல போகாதீங்க" என்றால் ஏன் என்று கேட்பார். கீழே ஜும்பர் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது, இன்னொரு நாள் தாங்காதா என்று எண்ணினேன். வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். தாவுவதற்காக அவர் உச்சியை ஆட்டினார். இரண்டாவது ஆட்டத்தில் ஒடிந்தது.

எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் பின்தங்கி நின்று அந்த உச்சியை இழுத்துப் பெரணிக்குள் தள்ளினேன். அதன் பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அத்தான் குடிக்கவில்லை.

மீதி எட்டும் எங்கே நிற்கின்றன என்று தனித்தாளில் வரைந்திருக்கிறேன். ஊற்றுக்கு மேலே மூன்று, பிளந்த பாறையை ஒட்டி இரண்டு, மற்றவை கரடிக்குழிப் பக்கம். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. தண்டைத் தடவினால் கழுத்தில் ஒரு பக்கம் புடைத்திருக்கும். ஷோரெனாவை அங்கே போகவிடாதே. இந்தக் கடிதத்தை நீ என்ன செய்தாலும் சரி.

மல்காஸ்

*

யூட்லாந்து
1999 செப்டம்பர் 24

அக்கா,

உன் பதில் வரவில்லை. காய் பறிப்பு முடிந்திருக்கும். கம்பெனி ஆளிடம் கேட்டேன், ராச்சாவிலிருந்து விதை வந்துவிட்டது என்று மட்டும் சொன்னான். திட்டியாவது எழுது. இல்லாவிட்டால் வெறும் உறை அனுப்பு. ஷோரெனா உயிரோடு இருக்கிறாளா?

மல்காஸ்

*

சதேவி
1999 அக்டோபர் 5

மல்காஸுக்கு,

ஷோரெனா உயிரோடு இருக்கிறாள். அதை முதல் வரியில் எழுதியது உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன் தந்தி எந்தத் தபாலாபீஸில் தூங்கியதோ, திருநாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் நான் கோயில் முற்றத்தில் ஜும்பர் முகத்தில் ஒரு கோப்பை மதுவை வீசியிருந்தேன். "லமாரா, உனக்குத் துக்கம், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று துடைத்துக்கொண்டு போனான் அந்த மனுஷன். உன்னால் அவனிடமும் நான் தலைகுனிந்தேன்.

உன் கடிதம் செப்டம்பர் எட்டாம் தேதி வந்தது. படித்து முடித்துக் கோடாலியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. டென்மார்க்குக்கா நடக்க முடியும்? விறகைப் பிளந்தேன். குளிர்காலம் முழுக்க எரிக்கிற விறகை ஒரே நாளில் பிளந்தேன். ஷோரெனா உட்கார்ந்து உன் கடிதத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு இரண்டு பேரும் வடக்குச் சரிவுக்குப் போனோம். உன் படத்தில் இருந்த ஏழு மரங்கள் சுலபமாகக் கிடைத்தன. பிளந்த பாறைப் பக்கம் மண் சரிந்திருந்ததால் எட்டாவது எதுவென்று தெரியவில்லை. உன் கயிற்றைத் தொடமாட்டேன் என்றிருந்தாள் அவள். நான்தான் எடுத்து அவள் இடுப்பில் கட்டினேன், கொக்கியை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். அந்தப் பாறைப் பக்கத்து மரங்களில் ஒவ்வொன்றாகக் கழுத்துக்குக் கீழே வரை மட்டும் ஏறித் தடவிப் பார்த்தாள். நான்காவது மரத்தில், "அம்மா, இங்க புடைச்சிருக்கு" என்று மேலேயிருந்து கத்தினாள். நான் கீழே மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எட்டு மரத்திலும் என்னவர் விழுந்த மொட்டை மரத்திலும் மார்பு உயரத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். மல்காஸ். பெரிய எழுத்தில், நாலு பக்கமும். ஒவ்வொரு வருஷமும் பெயின்ட் புதுசாகப் போடுவேன். நான் செத்தால் ஷோரெனா போடுவாள்.

முடிவு விருந்தில் உன் கடிதத்தை நின்றுகொண்டு வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. நான் கை தட்டிய வரியையும் விடவில்லை. ஜும்பர் எழுந்து, "ஓதியா, நல்ல உச்சி ஒடியாதுன்னு நெனச்சு உன்மேல எழுதிட்டேன், தப்பு என்னோடது" என்று காலியான அவருடைய இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கோப்பையை நின்றபடியே குடித்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கொம்பு வேறொருவனுக்குப் போயிற்று. ஷோரெனா ஐந்தாவதுதான் வந்தாள், கயிறு கட்டினால் வேகம் குறைகிறது. ஆனால் கொம்பு வாங்கியவன் அதை அவள் கையில் கொடுத்துவிட்டான். அப்பாவுக்காகக் குடித்தாள். ஒருவனும் வாய் திறக்கவில்லை.

வரலாமா என்று நீ கேட்கவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை. உன்னை மன்னிக்க எனக்கு மனம் இல்லை, இருப்பதுபோல நடிக்கவும் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்துகொள். இங்கே காய் பறிக்கிறவர்கள் உன் பெயரைத் தினம் சொல்கிறார்கள். பறிப்பின் கடைசி நாள். முகட்டில் ஒரு புது மரத்தடியில் ஷோரெனா கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, இது மல்காஸா?"

"இல்லடி," என்றேன். "இது நல்ல மரம். ஏறு."

ஓதியாவின் மனைவி,
லமாரா